எந்த சான் டொனாட்டோ? ஓர் இத்தாலியக் குடியேறியின் பிறந்த ஊரைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டிய ஒரு நகரின் பொது நூலகத்தில், தங்கள் முன்னோரைத் தேடி வருவோருக்கு வாரம் இரண்டு நாள் உதவும் தன்னார்வலராக இருந்து வருகிறேன். 2023 ஜனவரியில், எழுபத்தைந்து வயதை நெருங்கிய ஒரு பெண்மணியும் அவருடைய தம்பியும் தடித்த கோப்பு ஒன்றுடன் அங்கே வந்தார்கள். தேடலெல்லாம் முடிந்துவிட்டது, தாத்தாவின் பிறந்த ஊர்ப்பெயரை இத்தாலிய மொழியில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதித் தந்தால் போதும் என்றார்கள். 1961-இல் இறந்த தாத்தாவின் கல்லறையில் பெயரும் இரண்டு ஆண்டுகளும் மட்டுமே இருந்தன. அதன் கீழே பிறந்த ஊரையும் சேர்த்துப் பொறிப்பதற்குக் கல் தச்சரிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். பனி உருகி வசந்தம் வந்ததும் வேலை தொடங்க இருந்தது.

பொறிக்க வேண்டிய ஊர் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தது இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா வட்டாரத்தின் கோசென்சா மாகாணத்தில் உள்ள சான் டொனாட்டோ டி நினேயா. கோப்பைப் புரட்டிய அரை மணி நேரத்தில் அந்த ஊர் தாத்தாவின் ஊராக இருக்குமா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த ஏறத்தாழ பதினோரு மாத வேலையை, அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து இங்கே பதிவு செய்கிறேன். குடும்பப் பெயரைச் சொல்லாமல், தேவைப்படும் இடங்களில் அதன் முதலெழுத்தை மட்டும் சொல்கிறேன்.

குடும்பம் வந்து சேர்ந்திருந்த முடிவு

வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டவை மூன்று. தாத்தா நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு வழியாக வந்தவர். அவருக்கு ஜேம்ஸ் என்று பெயர் வைத்ததே எல்லிஸ் தீவு அதிகாரிதான். இவற்றுடன் எழுத்தில் இருந்த சான்று ஒன்று: முதல் உலகப்போரின்போது, 1917 ஜூன் 5 அன்று நாடு முழுவதும் நடந்த கட்டாய ராணுவப் பதிவில் தாத்தா நிரப்பிக் கொடுத்த அட்டை. அந்த முதல் பதிவு 21 முதல் 30 வயது வரையிலான ஆண்களுக்கானது. பிறந்த ஊர் எது என்ற கேள்வி அதில் உண்டு. 1918 செப்டம்பரில் நடந்த மூன்றாம் பதிவின் அட்டையில் அந்தக் கேள்வி இல்லை என்பதால், இவருடைய வயது முதல் பதிவில் விழுந்தது நல்வாய்ப்பு. அட்டையில் "சான் டொனாட்டோ, இத்தாலி" என்று இருந்தது. மாகாணம் எழுதப்படவில்லை.

தம்பி அங்கிருந்து நேரே இத்தாலிக்குப் போய்விட்டார். குடும்பப் பெயர்கள் இன்று எந்தெந்த வட்டாரத்தில் செறிந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்றில் தங்கள் பெயர் கலாப்ரியாவில் அடர்ந்திருப்பதைக் கண்டார். கலாப்ரியாவில் ஒரு சான் டொனாட்டோவும் இருந்தது. ஜேம்ஸ் என்பதற்கு நேரான இத்தாலியப் பெயர் ஜாக்கொமோ. இத்தாலியக் கலாச்சார அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத் துறை 2011-இல் தொடங்கிய "ஆன்டெனாட்டி" தளத்தில் பதிவேடுகளின் படிமங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னோர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். அங்கே பல வாரங்கள் பக்கம் பக்கமாகத் தேடி, 1888 மார்ச்சில் பிறந்த, அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு ஜாக்கொமோவைக் கண்டெடுத்தார். தகப்பன் பெயர் அன்டோனியோ. தாத்தாவின் இறப்புச் சான்றிலும் தகப்பன் பெயர் அன்டோனியோதான். அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஜாக்கொமோவின் பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைகளை வரைந்து முடித்துவிட்டார்.

அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அறியாத மொழியில், நூற்றாண்டுப் பழமையான கையெழுத்தைப் படித்து எடுத்திருந்தார். ஆனால் அன்டோனியோ என்பது தென்னித்தாலியில் தெருவுக்குத் தெரு உள்ள பெயர். ஊரின் பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ ஒத்த வயது ஆகிய மூன்றும் சேர்ந்தாலும், அவை ஓர் ஆளை மற்றோர் ஆளிலிருந்து பிரித்துக் காட்டப் போதுமானவை அல்ல.

கோப்பில் கண்ட முரண்கள்

முதலில் கண்ணில் பட்டது தாயின் பெயர். தாத்தா 1913-இல் மாசசூசெட்ஸிலேயே திருமணம் செய்துகொண்டவர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை மாநில அளவில் 1841 முதல் பதிந்துவரும் மாநிலம் இது. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் இடம்பெறும். தாத்தாவின் திருமணப் பதிவில் பிறந்த இடம் "இத்தாலி" என்ற ஒற்றைச் சொல்லாகவே இருந்தது, ஆனால் தாய் பெயர் ஃபிலோமெனா என்று தெளிவாக இருந்தது. கலாப்ரியப் பிறப்புப் பதிவில் தாய் பெயர் ரோசா. இதைக் குடும்பத்தார் கவனித்திருந்தார்கள். தாத்தாவின் தாய்க்கு இரண்டு பெயர்கள் இருந்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

தாத்தாவின் பிள்ளைகளுடைய பெயர்களைக் கேட்டேன். மூத்த மகன் ஆன்டனி, மூத்த மகள் ஃபில்லிஸ். தென்னித்தாலியக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரையும், மூத்த மகளுக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டியின் பெயரையும் இடுவது நெடுங்கால வழக்கம். நம் ஊர்களில் பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் ஃபிலோமெனா என்ற பெயர் ஃபில்லிஸ் ஆவதும் சாதாரணமாக நடந்தது. ஆகவே தாயின் பெயர் ஃபிலோமெனா என்பதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் கிடைத்தன. ரோசா என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

அடுத்து, அந்த ஜாக்கொமோ உயிரோடு வளர்ந்தாரா என்று பார்க்க முடிவு செய்தேன். பிறப்புப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டதும் அதே ஊரின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டுவது இந்த வேலையின் அடிப்படை ஒழுங்கு. குழந்தைகள் பெருமளவில் இறந்த காலம் அது. ஒவ்வோர் ஆண்டின் ஏட்டோடும் பெயர் அட்டவணை ஒன்று இருக்கும் என்பதால் வேலை அதிகமில்லை. 1889-ஆம் ஆண்டு ஏட்டில், மே மாதத்தில், பதினான்கு மாதக் குழந்தையாக ஜாக்கொமோ இறந்திருந்தான். அதே தகப்பன், அதே தாய் ரோசா. அந்தப் பதிவை மேசைமேல் வைத்தபோது தம்பி வெகுநேரம் பேசவில்லை. அக்காதான் கேட்டார், "அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் யாருடைய குழந்தைக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்?" என்று. ஜாக்கொமோவின் தம்பி தங்கைகள் சிலர் சிறுவயதில் இறந்ததை அவர்கள் ஏற்கெனவே கண்டு, தங்கள் குடும்பத் துயரமாகவே அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

கல் தச்சரிடம் சொல்லி வேலையை நிறுத்திவைக்கச் செய்தோம். இத்தாலியப் பதிவேடுகளை அடியோடு மூடிவைத்துவிட்டு, அமெரிக்காவில் தாத்தா விட்டுச்சென்ற தாள்கள் அனைத்தையும் முதலில் திரட்டுவது என்று முடிவெடுத்தோம். இத்தாலியில் எல்லா ஊர்களுக்கும் பொதுவான பிறப்பு அட்டவணை கிடையாது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே அந்தந்த ஊராட்சியின் ஏட்டில்தான் இருக்கும். ஊர் தெரியாமல் அங்கே தேடுவது, பூட்டுக்குப் பூட்டு சாவியைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பானது. ஏதோ ஒரு பூட்டில் சாவி பாதி நுழைந்தாலே திறந்துவிட்டது என்று தோன்றிவிடும். குடியேறி வந்தவர் எந்த ஊரார் என்ற செய்தி, பெரும்பாலும் அவர் வந்து சேர்ந்த நாட்டின் ஏதோ ஒரு தாளில்தான் இருக்கும்.

தம்பிக்கு இது பின்னோக்கிப் போவதாகத் தோன்றியது. இத்தாலியில் சான் டொனாட்டோ என்று தொடங்கும் ஊராட்சிகள் இன்னும் பல இருக்கின்றனவே, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாமே என்றார். மிலான் அருகே ஒன்று, லெச்சே அருகே ஒன்று, கோமினோ பள்ளத்தாக்கில் ஒன்று இருப்பது உண்மைதான். 1861-இல் நாடு ஒன்றுபட்ட பிறகு, ஒரே பெயர் கொண்ட ஊர்கள் குழப்பம் தவிர்க்க 1862, 1863 ஆண்டுகளில் பெயருக்குப் பின்னால் ஓர் அடையாளச் சொல்லைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் ஊர் மக்கள் பழையபடி சான் டொனாட்டோ என்று மட்டுமே சொல்லி வந்தார்கள். அவர் சொன்ன வழியில் போனால் மற்றோர் அன்டோனியோவின் மகன் கிடைப்பான், அவனும் தாத்தாவாக இல்லாமல் போகலாம் என்று விளக்கினேன். முழு மனமில்லாவிட்டாலும் ஒப்புக்கொண்டார்.

ஜேம்ஸ் என்ற பெயர்

அதிகாரி பெயர் மாற்றினார் என்ற கதையை முதலில் எடுத்துக்கொண்டோம். எல்லிஸ் தீவைப் பற்றிப் பல்லாயிரம் குடும்பங்களில் சொல்லப்படும் கதை இது. ஆனால் வேலை அங்கே அப்படி நடக்கவில்லை. பயணிகள் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் எழுதினார்கள்; வந்திறங்கிய இடத்தில் இருந்த அதிகாரிகள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றம் பின்னாளில் வேலையிடத்திலும் பள்ளியிலும் தெருவிலும் மெல்ல மெல்ல நடந்தது.

தாத்தாவின் பழைய பெயரைக் காட்டக்கூடிய இடம் கத்தோலிக்கத் தேவாலயம் என்று நினைத்தேன். ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் எழுதப்படுவதால், ஊரில் ஜேம்ஸாக வலம் வந்தவரையும் பாதிரியார் அவருடைய ஞானஸ்நானப் பெயரின் லத்தீன் வடிவிலேயே எழுதியிருக்க வாய்ப்புண்டு. மூத்த மகன் ஆன்டனியின் 1914-ஆம் ஆண்டுப் பதிவைத் தேவாலய அலுவலகம் எடுத்துக் கொடுத்தது. தகப்பன் பெயர் இருந்த இடத்தில் "வின்சென்டியுஸ்" என்று இருந்தது. அதாவது வின்சென்சோ. இத்தாலியர்களிடையே வின்சென்சோ என்ற பெயர் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆனது பரவலாக நடந்த ஒன்று. மொழிபெயர்ப்பு அகராதியில் இந்த இணையைப் பார்க்க முடியாது. தம்பி ஜாக்கொமோவைத் தேடியது மொழியறிவின்படி சரி, வழக்கின்படி தவறு.

ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்

வின்சென்சோ என்ற பெயர் கிடைத்ததும் 1910-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரின் நொனாண்டம் பகுதியில், ஓர் இத்தாலியக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஆறு இளைஞர்களுள் ஒருவராக இருந்தார். அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு 1907 என்று குறிக்கப்பட்டிருந்தது. பிறந்த இடம், அந்தக் கணக்கெடுப்பின் முறைப்படி, "இத்தாலி" என்று மட்டும்.

இந்த ஆய்வின் திருப்பம் தாத்தாவின் வரியில் இல்லை, அவருக்கு மேலும் கீழும் இருந்த வரிகளில் இருந்தது. தென்னித்தாலியர்கள் தனித்தனியாக வந்து ஒரு நகரில் தற்செயலாகச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் வந்து இடம் பிடித்து, அண்ணன் மகனையும் மைத்துனனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் அழைத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த வீட்டிலிருந்த மற்ற ஆண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பது தாத்தாவைப் பார்ப்பதற்கு ஈடானது. வீட்டுக்காரரையும் ஐந்து வாடகையாளர்களையும் எடுத்துக்கொண்டு, 1917, 1918-ஆம் ஆண்டு ராணுவப் பதிவு அட்டைகளையும், இரண்டாம் உலகப்போரின்போது 1942 ஏப்ரலில் மூத்த வயதினருக்கு நடந்த பதிவின் அட்டைகளையும் தேடினோம். அந்த 1942 அட்டைகளிலும் பிறந்த இடத்துக்கான கட்டம் உண்டு.

நால்வருக்கு அட்டைகள் கிடைத்தன. ஒருவருக்கு "இத்தாலி" என்பதைத் தவிர வேறில்லை. இன்னொருவருக்கு, தாத்தாவைப் போலவே, வெறும் சான் டொனாட்டோ. மூன்றாமவருக்கு ஆல்வீட்டோ. நான்காமவருக்குச் செட்டெஃப்ராட்டி. கடைசி இரண்டையும் வரைபடத்தில் பார்த்தபோது, அவை நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் இடைப்பட்ட மலைநாட்டில், கோமினோ பள்ளத்தாக்கில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. அவற்றின் அருகிலேயே சான் டொனாட்டோ வால் டி கோமினோ. கலாப்ரியாவின் சான் டொனாட்டோவின் பக்கத்தில் ஆல்வீட்டோவும் இல்லை, செட்டெஃப்ராட்டியும் இல்லை. இந்த மலையூருக்கும் நொனாண்டத்துக்கும் உள்ள தொடர்பு அந்தப் பகுதியில் பலரும் அறிந்தது. நியூட்டன் நகரும் சான் டொனாட்டோ வால் டி கோமினோவும் இன்று சகோதர நகரங்கள். அதைத் தொடக்கத்திலேயே நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இருந்தாலும் இதை முடிவாக எழுத நான் உடன்படவில்லை. வீட்டில் இருந்தவர்களின் ஊர்கள் வலுவான குறிப்புகள்தாம், ஆனால் தாத்தாவின் பெயரோடு அந்த ஊரை இணைக்கும் தாள் ஒன்றாவது வேண்டும். ஒருமுறை கல்லில் ஏற இருந்த பிழையைத் தடுத்த பிறகு, அரைச் சான்றை வைத்து இன்னொன்றை ஏற்ற விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

குடியுரிமைத் தாள்கள்

1917 அட்டையில், குடியுரிமை நிலை பற்றிய கேள்விக்கு, விருப்ப அறிவிப்புக் கொடுத்திருப்பதாகத் தாத்தா பதில் சொல்லியிருந்தார். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் முதலில் தரவேண்டிய அறிவிப்பு அது. "முதல் தாள்" என்று மக்கள் சொல்வார்கள். 1930 கணக்கெடுப்பில் அவர் குடியுரிமை பெற்றவராக இருந்தார். 1906-க்கு முன்பு எந்த நீதிமன்றமும் தன் விருப்பம்போல் எழுதிய தாள்களில் "இத்தாலி மன்னரின் குடி" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. 1906 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தை வகுத்தது; பிறந்த ஊர், பிறந்த நாள், கப்பல், வந்த நாள், மனைவி மக்கள் விவரம் எல்லாம் அதில் கேட்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூன் 29-க்குப் பிறகு வந்தவர்களுக்கு, கப்பல் பட்டியலோடு ஒப்பிட்டுத் தரப்படும் வருகைச் சான்றும் மனுவோடு இணைக்கப்பட்டது. 1907-இல் வந்த தாத்தா இந்த விதிக்குள் வருகிறார்.

நியூ இங்கிலாந்து மாநிலங்களின் கூட்டாட்சி நீதிமன்றங்களுடைய பழைய குடியுரிமைத் தாள்கள், நியூட்டனுக்குப் பக்கத்து நகரான வால்தமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் இருக்கின்றன. மே மாதம் நானும் அக்காவும் நேரில் போனோம். 1916-ஆம் ஆண்டு அறிவிப்பும் 1920-ஆம் ஆண்டு மனுவும் ஒன்றாகக் கிடைத்தன. அறிவிப்பில் பிறந்த ஊர் தட்டச்சில் "எஸ். டொனாட்டோ வி. சி." என்று இருந்தது. மனுவில் "எஸ். டொனாட்டோ, காசெர்ட்டா". இணைத்திருந்த வருகைச் சான்று, 1907 அக்டோபரில் கனோபிக் என்ற கப்பலில் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய வின்சென்சோவின் பெயரில் இருந்தது. மனு ஜேம்ஸ் பெயரில். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்பதை அரசுத் தாளே சொல்லிவிட்டது. மனுவின் அடியில் தாத்தாவின் கையெழுத்து நடுங்கிய எழுத்துகளில் இருந்தது. அதை முதல்முறை பார்த்த பேத்தி, கண்ணாடித் தாளின் மேல் விரலை வைத்து அந்தக் கோடுகளைத் தொடர்ந்து போனார்.

இங்கே மீண்டும் ஒரு தடங்கல். அன்று மாலையே தம்பி தொலைபேசியில் அழைத்து, காசெர்ட்டா மாகாணத்தின் ஊராட்சிப் பட்டியலில் சான் டொனாட்டோ என்று எதுவுமே இல்லை என்றார். இன்றைய பட்டியலில் இல்லைதான். "தெர்ரா டி லாவோரோ" என்றும் வழங்கப்பட்ட பழைய காசெர்ட்டா மாகாணம் மிகப் பெரியது. சோரா, காசினோ வட்டாரங்கள் முழுவதும் அதில் அடங்கியிருந்தன. 1927-இல் அந்த மாகாணமே கலைக்கப்பட்டு, அதன் வடபகுதி புதிதாக உருவான ஃப்ரோசினோனே மாகாணத்துக்குப் போனது. 1945-இல் காசெர்ட்டா மீண்டும் உருவானபோது அந்த ஊர்கள் திரும்பி வரவில்லை. ஆகவே 1920-இல் ஒருவர் "காசெர்ட்டா" என்று சரியாகச் சொன்ன ஊர், இன்று லாட்சியோ வட்டாரத்தின் ஃப்ரோசினோனேயில் இருக்கிறது. பழைய மாகாணத்தில் இருந்த சான் டொனாட்டோ, வால் டி கோமினோ ஒன்றுதான். "வி. சி." என்ற சுருக்கம் அதன் முதலெழுத்துகள். "நேப்பிள்ஸ் பக்கம்" என்று தாத்தா சொன்னதும் பொய்யில்லை. பழைய நேப்பிள்ஸ் அரசின் நிலம் அது, கப்பலேறியதும் நேப்பிள்ஸில்.

கப்பல் பட்டியல்

எல்லிஸ் தீவுப் பதிவுகளில் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் தேடியும் தாத்தா கிடைக்காததற்குக் காரணம் எளியது: அவர் அந்தத் தீவில் கால் வைக்கவே இல்லை. 1904 முதல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் கனோபிக், ரோமானிக் போன்ற கப்பல்கள் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலிருந்து நேரே பாஸ்டனுக்கு வந்தன. பாஸ்டனுக்குப் பக்கத்தில் வேலைக்கு வருபவர் நியூயார்க்கைச் சுற்றி வரத் தேவையில்லை.

நாளும் கப்பலும் தெரிந்த பிறகும் இணையத் தேடலில் பெயர் வரவில்லை. பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: குடும்பப் பெயரின் முதலெழுத்தான எஸ், கீழே ஒரு சுழியோடு எழுதப்பட்டிருந்ததால், அட்டவணை தயாரித்தவர் அதை எல் என்று படித்திருந்தார். 1907 வாக்கில் பட்டியல் படிவம் இரண்டு பக்கங்களாக விரிந்து, சொந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டது. சில ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டங்கள் இருந்திருக்கமாட்டா. வயது 18; நெருங்கிய உறவு: தகப்பன் அன்டோனியோ, சான் டொனாட்டோ; சேருமிடம்: நொனாண்டத்தில் உறவினர் வீடு. அந்த உறவினரின் பெயர் 1910 கணக்கெடுப்பின் வீட்டுக்காரர் பெயரேதான்.

பிறப்புப் பதிவு

ஜூலையில், சான் டொனாட்டோ வால் டி கோமினோ ஊராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு இத்தாலிய மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். பெயர், பெற்றோர் பெயர், பிறந்திருக்கக்கூடிய ஆண்டுகள், பேத்தியின் அடையாளச் சான்று, எதற்காகக் கேட்கிறோம் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அமெரிக்கத் தாள்களில் பிறந்த நாள் எப்போதும் ஆகஸ்ட் 7. ஆண்டு மட்டும் 1888, 1889, 1890 என்று மாறிக்கொண்டே இருந்தது. எனவே 1886 முதல் 1892 வரை அட்டவணையைப் பார்க்குமாறும், அதே பெயரில் வேறு குழந்தைகள் இருந்தால் அவர்களையும் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொண்டோம். ஒருவரை மட்டும் கேட்டால் ஒருவர்தான் கிடைப்பார், அவர் சரியானவரா என்று ஒப்பிட வழியிருக்காது.

பதில் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஏழாண்டுகளில் அதே பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட மூன்று வின்சென்சோக்கள் இருந்தார்கள். ஒருவர் கைக்குழந்தையாக இறந்தவர். இன்னொருவர் உள்ளூரிலேயே மணமானவர். அது அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் குறிக்கப்பட்டிருந்தது. மூன்றாமவரின் பெற்றோர் அன்டோனியோவும் ஃபிலோமெனாவும். முழு நகலை அனுப்பியிருந்தார்கள். அச்சிட்ட வாசகத்தின் இடைவெளிகளில் மை கொண்டு நிரப்பப்பட்ட பதிவு அது: ஆண்டும் நாளும் மணியும் எண்ணில் இல்லாமல் எழுத்தில், ஊராட்சி மன்றத்தில் ஊர்த்தலைவர் முன்னிலையில், உழவுத் தொழில் செய்யும் அன்டோனியோ தோன்றி, தன் மனைவி ஃபிலோமெனாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்ததாக அறிவித்து, குழந்தையைக் காட்டி, வின்சென்சோ என்று பெயரிட்டார், தகப்பனுக்கு எழுதத் தெரியாததால் சாட்சிகளும் ஊர்த்தலைவரும் மட்டும் கையெழுத்திட்டார்கள். 1913 திருமணப் பதிவில் சிதைந்து கிடந்த தாயின் கன்னிக் குடும்பப் பெயர், இங்கே பார்த்த பிறகு எழுத்துக்கு எழுத்து விளங்கியது. இத்தாலியப் பதிவுகளில் பெண் திருமணத்துக்குப் பிறகும் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவது இந்த வேலையில் பெரிய துணை.

பிறந்த நாள் 1889 ஆகஸ்ட் 3, அறிவித்தது 6. பிறந்து ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகஸ்ட் 7 என்று தாத்தா வாழ்நாள் முழுவதும் சொன்னது ஏன் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. ஆனால் ஆகஸ்ட் 7 புனித டொனாட்டோவின் திருநாள். ஊர்த் திருவிழாவை ஒட்டிப் பிறந்தவன் என்று தாய் சொல்லி வளர்ந்த பிள்ளை, கடல் கடந்த நாட்டில் படிவம் நீட்டப்பட்டபோது அந்த நாளையே சொல்லியிருப்பான் என்பது என் ஊகம்.

விளைவு

2023 டிசம்பரில் கல் தச்சருக்குப் புதிய வாசகம் கொடுக்கப்பட்டது. அடுத்த வசந்தத்தில் பொறிக்கப்பட்டது. பிறந்த நாளை 3 என்று போடுவதா 7 என்று போடுவதா என்று அக்காவும் தம்பியும் நெடுநேரம் பேசி, ஆண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். பழைய நேப்பிள்ஸ் அரசில் குடிமைப் பதிவு 1809-இலேயே தொடங்கிவிட்டதால், தாத்தாவின் தாத்தா வரை போக வழியிருக்கிறது. தம்பி இப்போது அதைத் தொடர்கிறார். ஒவ்வொரு பிறப்புக்கும் இறப்பேட்டைப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகிறார்.

இன்னொரு முறை செய்தால் மாற்றக்கூடியவை

சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தின் நகலை முதல் வாரத்திலேயே கேட்டிருப்பேன். 1936-இல் தொடங்கிய அந்தப் படிவத்தில் பிறந்த இடமும் தாய் தந்தை பெயர்களும் விண்ணப்பித்தவர் தாமே சொல்லி எழுதியவை. இறப்புச் சான்றில் இருப்பதோ துயரத்தில் இருக்கும் மகன் நினைவிலிருந்து சொன்னது. எங்களுக்கு அந்த நகல் எல்லாம் முடிந்த பிறகே வந்தது. "சான் டொனாட்டோ, காசெர்ட்டா" என்று அதில் தெளிவாக இருந்தது.

வால்தமுக்குப் போவதற்கு முன்பே பழைய மாகாண எல்லைகளின் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். ஜேம்ஸ் யார் என்ற கேள்வியைத் தேவாலயத்திடம் முன்னதாகவே கேட்டிருப்பேன். அட்டவணையில் பெயர் இல்லை என்பதைப் பட்டியலில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்ட இரண்டு வாரங்களும் மிச்சமாகியிருக்கும். குடும்பத்தோடு பேசிய விதத்திலும் ஒரு மாற்றம் வேண்டும்: ஜாக்கொமோவின் இறப்புப் பதிவை முன்னறிவிப்பின்றி மேசைமேல் வைத்திருக்கக்கூடாது. அந்தக் குழந்தை அவர்களுக்கு அதற்குள் உறவாகிவிட்டிருந்தது.

தவறான அந்த மூன்று தலைமுறை மரத்தைத் தம்பி முன்பே இணையத்தில் ஏற்றியிருந்தார். அவர் நீக்குவதற்குள் தொலைவில் உள்ள உறவினர் மூவர் அதைத் தங்கள் மரங்களில் படியெடுத்துவிட்டார்கள். மூவருக்கும் பிறப்புப் பதிவின் நகலோடு எழுதினோம். இருவர் திருத்திவிட்டார்கள். மூன்றாமவரிடமிருந்து பதில் வரவில்லை. பதினான்கு மாதத்தில் இறந்த ஜாக்கொமோ அவருடைய மரத்தில் இன்னமும் நியூட்டனுக்கு வந்து, மணம் செய்து, 1961-இல் இறந்தவராகவே இருக்கிறான்.